காது மந்தமானால் மறதியும் வரும் என்கிறார்களே, ஏன்?

தொடர்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 'கேட்கும் உழைப்பு' என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: அரைகுறையாக விழும் பேச்சை முழுசாக்க மூளை படும் கூடுதல் பாடு. ஒலியை வாங்குவது காது, பேச்சைப் புரிந்துகொள்வது மூளை. வயதாகும்போது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும், அதனால் மெய்யெழுத்துகள் மங்கிவிடும். கிருஷ்ணகிரியில் என் பெரியப்பாவிடம் "பால் வந்துச்சா" என்று கேட்டால் கொஞ்ச நேரம் நம் உதட்டையே பார்ப்பார். அவருக்கு விழுந்தது வெறும் "ஆல்", அது பாலா, காலா, ஆளா என்று உள்ளே தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் நாம் அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம்.

லோடு லாரி தொப்பூர் கணவாய் ஏறும்போது இன்ஜின் பலமெல்லாம் ஏற்றத்துக்கே போய்விடும் இல்லையா, அப்படித்தான். கேட்பதிலேயே பலம் தீர்ந்தால் நினைவில் வைக்க எது மிஞ்சும்? அப்புறம், பேச்சுக்குப் பயந்து தனியே ஒதுங்குவதும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ஃபிராங்க் லின் குழு 639 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2011-இல் சொன்னது: லேசான குறைபாட்டுக்கே டிமென்ஷியா (மறதி நோய்) வாய்ப்பு சுமார் 2 மடங்கு, கடுமையானால் 5 மடங்கு. 2023-இல் வந்த 977 பேர் சோதனையில், ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் காதுக் கருவி 3 ஆண்டில் சிந்தனைத்திறன் சரிவை 48 சதவீதம் குறைத்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை.

மெஷின் மாட்டினால் காது இன்னும் கெட்டுவிடும் என்று நம் பெரியவர்கள் பயப்படுகிறார்கள், பரிசோதித்துச் சரியாகப் பொருத்திய கருவி காதைக் கெடுக்காது.