வரி இல்லாத வேலிக்குள் சட்டமும் இல்லையா?

கேள்வி: எங்கள் பழைய செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சுதந்திர வாணிப மண்டலம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் மகிழ்கிறார்கள். ஆனால், லாவோஸ் நாட்டு மண்டலமொன்றில் நம் இளைஞர்கள் சிக்கிக்கொண்ட செய்திகளைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. எங்கள் ஆறு கெடுமா? குண்டர் கும்பல் நுழையுமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: ஐயா, தங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அது ‘மண்டலம்’ என்ற சொல்லின்மேல் இருக்க வேண்டியதில்லை. பினாங்குக்காரரான தங்களுக்கு, 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் மண்டலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் விடியுமுன் ஆலைப் பேருந்தேறிப் போனது அங்கேதான். மலேசியாவின் 1990-ஆம் ஆண்டுச் சுதந்திர மண்டலச் சட்டம் அத்தகைய இடத்தை நாட்டுக்கு வெளியே இருப்பதாகக் கருதுவது சுங்க வரி, கலால் வரி போன்றவற்றுக்காகத்தான். காவல்துறைக்கும், 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கும் அந்த வேலி தடையன்று.

லாவோஸில் நடந்தது வேறு. போக்கியோ மாநிலத்தில் மீக்கோங் ஆற்றங்கரை நிலத்தை 2007-இல் ஒரு சூதாட்ட நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டபோது, வரிச்சலுகையோடு சேர்த்து அன்றாட ஆட்சியையும் கொடுத்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். அங்கே கடிகாரம்கூடப் பெய்ஜிங் நேரத்தைக் காட்டியது, கடைகளில் புழங்கியது சீன யுவான். போதைப்பொருள், ஆள்கடத்தல், வனவிலங்குக் கடத்தல் ஆகியவற்றைக் காரணங்காட்டி, அதை நடத்துவோர்மீது 2018 ஜனவரியில் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. இணைய மோசடிக் கூடங்கள் அங்கே பெருகியதில் வியப்பென்ன? (கைநிறையச் சம்பளம், விமான டிக்கெட் இலவசம், தாய்லாந்து எல்லையில் வேலை என்று யாராவது பிள்ளைகளை அழைத்தால், கடப்பிதழை எடுத்துப் பூட்டி வையுங்கள்.)

மண்டலமே இல்லாமலும் ஊர் கெடலாம். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்ததும், அது நம் சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில் வந்து குவிந்தது. உரிமமில்லாத ஆலைகள் செம்பனை மரங்களின் மறைவில் இரவில் நெகிழியை எரித்தன. மக்கள் சன்னலைச் சாத்திக்கொண்டும் இருமினார்கள். அங்கே எந்த வரிச்சலுகை வேலியும் இல்லை. நெடுநாள் எட்டிப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, மண்டலம் வருவது உறுதியானால், மேலே சொன்ன 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அதற்குத் தேவையா என்று சுற்றுச்சூழல் துறையிடம் எழுதிக் கேளுங்கள். விரிவான மதிப்பீட்டறிக்கை பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, நாலு பேராகச் சேர்ந்து போய்ப் படித்து, எழுத்து மூலம் கருத்துக் கொடுங்கள். நச்சுக் கழிவை ஓர் ஆலை 20 டன்னுக்கு மேற்படாமல், 180 நாள்வரைதான் தன் வளாகத்தில் வைத்திருக்கலாம் என்பது 2005-ஆம் ஆண்டின் விதி. அந்தக் கழிவு எந்த வழியாக, யார் லாரியில் வெளியேறும் என்பதையும் கேளுங்கள். நள்ளிரவில் ஆற்றோரம் வந்து நிற்கும் லாரி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆலையிலிருந்து வருவதுதான்.

கட்டுமானம் தொடங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்துக் கால்வாய் கிரியான் ஆற்றில் கலக்கும் இடத்தை மாதமொரு முறை தேதியோடு படமெடுத்து வையுங்கள். நாளை நீர் கறுத்தால், ‘இது எப்போதுமே இப்படித்தான்’ என்று சொல்வோரிடம் காட்ட அது உதவும்.