ஆகன் ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? பத்மாக்காவிடம் கேளுங்கள்

ஜெர்மனியின் மேற்கு ஓரம், நெதர்லாந்தும் பெல்ஜியமும் இடித்துக்கொண்டு நிற்கிற ஊர் ஆகன். அக்டோபரில் குளிர்கால செமஸ்டர் தொடங்கினால் இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். வந்த முதல் மாதத்துக் குழப்பங்களைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வேலை, சம்பளம், பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி எல்லாம் என் துறை இல்லை. கேட்பதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள்: கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கார்த்தி, ஈரோடு: அக்கா, எலிசன்ப்ருன்னன் பஸ் ஸ்டாப்புல இறங்கினாலே அழுகின முட்டை நாத்தம். கேஸ் லீக்கா?

லீக் இல்லை தம்பி, இந்த ஊர் உண்டானதே அதனால்தான். நிலத்தடியிலிருந்து கந்தகம் கலந்த வெந்நீர் ஊறி வருகிறது, ஊற்றிலேயே 50 டிகிரிக்கு மேல். அதற்காகத்தான் ரோமானியர்கள் இங்கே குளியல்கூடம் கட்டினார்கள். பிற்பாடு பேரரசர் சார்லமேன் அரண்மனை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கும் இந்த வெந்நீர் ஒரு காரணம். 814இல் இங்கேயே இறந்தார். அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறதே, அந்தப் பேராலயத்தின் நடுப்பகுதி அதுதான். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்களுக்கு முடிசூட்டியது அங்கே. யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே இடம் பிடித்த கட்டடம். உள்ளே போய்ப் பாருங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. எலிசன்ப்ருன்னன் தூண் மண்டபத்துக் குழாயில் வரும் வெந்நீரைக் கையில் பிடித்துப் பார்க்கலாம், குடிக்காதீர்கள். வீட்டுக்குள் அந்த நாற்றம் வந்தால் மட்டும் பயப்படுங்கள்: வெளியே வந்துவிட்டு 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

நிவேதா: முதல் லெக்சர் முடிஞ்சதும் எல்லாரும் மேஜையை டொக் டொக்னு தட்டினாங்க. புரொபசர் மேல கோபமா?

கைதட்டல் அது. விரல் முட்டியால் மேஜையில் தட்டுவார்கள். நீங்களும் தட்டுங்கள்.

அருண் எம்.: பேங்க் கார்டு அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, மூணு வாரமா வரலை. இன்சூரன்ஸ் கார்டும் வரலை. ரூம்மேட்டுக்கு எல்லாம் வந்துடுச்சு.

உங்கள் தபால் பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது? நானே சொல்கிறேன், "அருண்".

இந்த நாட்டில் அடுக்குமாடி வீட்டுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குப் பிறகு பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உள்ள பெயர், அவ்வளவுதான் முகவரி. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். ஆகவே வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கடிதம் போடுவது திருவாளர் முருகேசனுக்கு. முருகேசன் ஐயாவோ மதுரையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். தபால்காரர் பெட்டியைப் பார்ப்பார், அந்தப் பெயர் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இரண்டு பெயரையும் இன்றைக்கே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேறு ஒருவரின் வீட்டில் அறை எடுத்திருந்தால் அவர் பெயர் உள்ள பெட்டியிலேயே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஊர் உங்களோடு பேசுவது கடிதத்தில்தான். கார்டு ஒரு உறையில் வரும், அதன் ரகசிய எண் தனியாக இன்னொரு உறையில் வரும். வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் அப்படியே. குறுஞ்செய்தி வரும், யாராவது போன் பண்ணுவார்கள் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. படிவம் தர மாட்டேன் என்கிற வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஃபைசல்: டிவியே இல்லாத எனக்கு மாசம் 18.36 யூரோ கட்டச் சொல்லி லெட்டர். மோசடியா?

மோசடி இல்லை, பொது ஒலிபரப்புக் கட்டணம். டிவி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே கட்டுபவரின் எண்ணைப் பதிலில் எழுதி அனுப்புங்கள். பதில் போடாமல் இருந்தால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

பெயர் வேண்டாம்: ஃபால்ஸ்ல வாடகை கம்மி, ஆகன்ல இருந்து பஸ்லயே போயிடலாம். அங்க ரூம் எடுக்கலாமா?

கூடாது. வருடா வருடம் இதைச் சொல்லித் தொண்டை வற்றுகிறது. ஃபால்ஸ் இருப்பது நெதர்லாந்தில். எல்லையில் தடுப்புக் கதவு இல்லை, பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை, அதனால் அடுத்த தெரு மாதிரி தெரியும். உங்கள் கையில் இருப்பது ஜெர்மனியில் தங்கும் அனுமதி. அதை வைத்து ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த பக்கத்து நாட்டில் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம், குடியிருக்க முடியாது. ஐரோப்பியக் குடியுரிமை உள்ள வகுப்புத் தோழர் அங்கே இருக்கிறார் என்றால் அவர் கணக்கு வேறு. "சீனியர் ஒருத்தர் இருந்தார், ஒன்னும் ஆகலை" என்று எழுத வேண்டாம். அனுமதியைப் புதுப்பிக்கிற நாளில்தான் அது ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே காய்கறி வாங்கப் போவது வேறு விஷயம், தாராளமாகப் போங்கள். ஆகனில் கடைகள் மூடியிருக்கும், ஃபால்ஸில் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும். அங்கே வாங்கிய பாட்டிலை இங்குள்ள இயந்திரத்தில் போட்டுக் காசு கேட்காதீர்கள், எடுக்காது. இங்கே வாங்கிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். நசுக்காமல் கொண்டுபோங்கள்.

செல்வி, நாகர்கோவில்: ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்குச் சட்னி அரைச்சேன். மறுநாள் படிக்கட்டுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு: "ஞாயிறு ஓய்வு நாள், இயந்திரங்களை ஒன்பது மணிக்கு மேல் பயன்படுத்தவும், நன்றி". தினமும் ஹலோ சொல்ற ஆள்தான். முகத்துக்கு நேரா சொல்லக்கூடாதா? அவமானமா இருக்கு.

அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் சீட்டு ஒட்டினால் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று பொருள். இங்கே நேரில் வந்து கதவைத் தட்டுவதுதான் சண்டை. சீட்டில் உங்கள் பெயரை எழுதாமல் எல்லோருக்குமாக எழுதியிருக்கிறாரே, அது மரியாதை. பார்த்தால் வழக்கம்போல ஹலோ சொல்லுங்கள், "இனி ஒன்பதுக்கு மேல்தான்" என்று ஒரு வரியும். முடிந்தது.

சுரேஷ், திருச்சி: அக்கா தப்பா சொல்றீங்க. ஞாயிறு மிக்ஸி போட்டா போலீஸ் வந்து ஃபைன் போடும்.

மிக்ஸி என்று பெயர் போட்டுத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை யாருடைய தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது என்பது பொது விதி. ஞாயிறு முழுவதும் டிரில்லிங், சுத்தியல் கூடாது. இவற்றுக்கு மேல் உங்கள் கட்டடத்தின் விதித்தாள் இருக்கும், அதில் மதிய ஓய்வு நேரமும் போட்டிருக்கலாம். இரண்டு நிமிடச் சட்னி அன்றாடச் சமையல் சத்தம். முக்கால் மணி நேரம் மாவு ஆட்டுகிற கிரைண்டர் அப்படி இல்லை.

ரம்யா: அப்போ ஞாயிறு காலைல சர்ச் மணி மட்டும் அடிக்கலாமா? அது என் மிக்ஸியை விட சத்தம்!

வழிபாட்டு மணிக்கு மத உரிமையின் பாதுகாப்பு இருக்கிறது. உங்கள் தேங்காய்ச் சட்னிக்கு இல்லை.

சுரேஷ், திருச்சி: நாம வந்த இடத்துல நாமதான் அனுசரிச்சுப் போகணும். சட்னி இல்லாம ஒரு நாள் இருக்க முடியாதா?

ரம்யா: வாடகை நானும்தான் கட்டுறேன். சமைச்சா குத்தமா?

செல்வி, நாகர்கோவில்: நான் சட்னி பத்திக் கேக்கல, சீட்டு பத்திக் கேட்டேன்…

செல்வி கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. சுரேஷ், அனுசரிப்பது வேறு, இல்லாத சட்டத்துக்குப் பயப்படுவது வேறு. புதிதாக வந்தவர்களைப் போலீஸ் கதை சொல்லி மிரட்டாதீர்கள். ரம்யா, வாடகை கட்டுவதால் கீழ் வீட்டுக்காரர் தூங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு போடுங்கள், பாதிச் சத்தம் தரை வழியாகத்தான் போகிறது. இந்தப் பஞ்சாயத்து இத்தோடு போதும்.

வினோத்: டிவி இல்லாதவங்களுக்கும் ஒரு லெட்டர் வருதே, அது கட்டணுமா?

ஃபைசலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தீபக்: பார்ட் டைம் வேலை ஈசியா கிடைக்குமா?

ஆண்டுக்கு 140 முழு நாள் வரை அனுமதி உண்டு. கிடைக்குமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டுப் பிரிவில் கேளுங்கள்.

மீனாட்சி: சுவர் மூலைல கறுப்பா பூஞ்சை. குளிர்னு ஜன்னலையே திறக்கிறதில்ல.

சோறு வடிக்கிற ஆவி, குளியல், உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் போய் உட்காருகிறது. தினம் இரண்டு மூன்று முறை ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். நாளெல்லாம் ஜன்னலின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துத் திறந்து வைப்பது பிரயோஜனமில்லை. சுவர்தான் குளிரும். இருக்கிற பூஞ்சையைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். இல்லாவிட்டால் காலி செய்யும்போது உங்கள் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

கோகிலா: கோயில் ஏதாவது பக்கத்துல இருக்கா அக்கா? வீட்டு ஞாபகமாவே இருக்கு.

பக்கத்தில் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆகனில் ஏறினால் மாறாமல் போகலாம். ஆர்இ 1 ரயிலின் ஒரு முனை ஆகன், மறு முனை ஹம். ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் காமாட்சி அம்மன் கோயில், ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு. தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் நிற்பதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் கண்ணை நம்ப மாட்டீர்கள். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வரும். ரயிலில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும், தாமதத்தைச் சேர்க்காமல். ஹம் நிலையத்திலிருந்து பேருந்து. உங்கள் செமஸ்டர் டிக்கெட்டிலேயே போகலாம், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் அது செல்லாது. தேர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

பிரவீன்: அக்கா, எனக்கு டிவி கிடையாது, ஆனா ஒரு லெட்டர்…

கட்டுங்கள், பிரவீன்.