தமிழ் என்று அடித்தது ‘ஜே கே பி ஓ’ ஆன கதை

வெப்சைட் செய்யும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, எங்கள் சங்கத்தின் பழைய தளத்தைக் கண் தெரியாத ஒருவர் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் கேட்டுவிட்டு, ஒன்றுமே விளங்கவில்லை என்கிறார். எழுத்து எங்களுக்குச் சரியாகத்தானே தெரிகிறது?

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் தம்பி. பாமினி வெறும் முகமூடி. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ரீடர் அதைத்தான் வாசிக்கும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். அச்சடிக்கப் பாமினி சரி, வெப்புக்கு ஆகாது. தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றுங்கள், இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருதரம் வாசித்துப் பாருங்கள், நடுவில் கிடந்த மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழாக்கி வைத்திருக்கும்! அப்புறம் எச்டிஎம்எல் டேக்கில் மொழியைச் சொல்லும் லாங் என்பதற்கு ‘டிஏ’ என்று போடுங்கள். சிங்களப் பந்தி வந்தால் அதற்கு மட்டும் ‘எஸ்ஐ’. இல்லாவிட்டால் ஆங்கிலக் குரலே தமிழை வாசிக்கப் போய்த் திணறலாம்.

மருதமுனை: சேர், கைத்தறிச் சாறிக் கடைக்குத் தளம் செய்கிறேன். எல்லாப் படத்துக்கும் ஆல்ட் (படத்தைச் சொல்லும் மாற்று எழுத்து) எழுதத்தான் வேணுமா?

விற்கிற படத்துக்குக் கட்டாயம் வேணும். ‘சாறி 1’ என்று எழுதி யாருக்கு என்ன லாபம்? ‘மஞ்சள் உடல், மெரூன் கரை, பருத்திச் சாறி’ என்று, கடைக்கு வருகிறவரிடம் வாயால் சொல்வதையே எழுதுங்கள். ஓரத்துப் பூ அலங்காரத்துக்கு ஆல்ட்டை வெறுமையாக விடலாம். ஆல்ட்டையே போடாமல் விடுவது வேறு கதை: படம் லிங்க்குக்குள் இருந்தால் சில ரீடர்கள் கோப்பின் பெயரை வாசித்து உயிரை எடுக்கும்.

ஏறாவூர்: வெறும் பெட்டியான டிவ் டேக்கில், கிளிக் செய்தால் இயங்கும் ஒன்கிளிக் போட்டு அழகான பட்டன் செய்தேன். கூடாது என்கிறார்களே?

அது பட்டன் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். டேப் விசை அதில் நிற்காது, என்டர் அடித்தால் அசையாது. எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டவைக்கலாம். பட்டன் டேக் அதையெல்லாம் சும்மாவே தருகிறது. தோற்றம் பிடிக்காவிட்டால் சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள். ஆனால் டேப் நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் அவுட்லைனை அழித்துவிடாதீர்கள். நானும் அழித்தவன்தான். ஒருநாள் மவுஸ் பழுதாகி, நான் செய்த படிவத்திலேயே எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் முழித்தபோதுதான் உறைத்தது.

அக்கரைப்பற்று: வெள்ளையில் 777777 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் எழுத்து வாசிக்கப் போதுமா?

நூலிழையில் தவறுகிறது. எல்லாருக்கும் எட்டும் தளத்துக்கான டபிள்யூசிஏஜி விதிகளின் ஏஏ மட்டத்துக்குச் சாதாரண எழுத்தில் நிற வேறுபாடு 4.5க்கு 1 வேணும், இது 4.48. 767676 தேறிவிடும். ஆனாலும் கல்லடிக் கடற்கரை வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கு அதுவும் காணாது. 444444 போடுங்கள்.

வாழைச்சேனை: தமிழ் வரிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

வரி உயரத்தைச் சொல்லும் லைன்ஹைட்டை 1.7 ஆக்குங்கள். பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் கட்டிவைக்க வேண்டாம்.

கல்முனை: எச்டிஎம்எல்லைச் சோதிக்கும் வேலிடேட்டரில் ஒரு பிழையும் இல்லை. இனிக் கையளிக்கலாமா?

பொறுங்கள். வேலிடேட்டர் இலக்கணம்தான் பார்க்கும். ஆல்ட்டில் ‘படம்’ என்று எழுதினாலும் தலையாட்டும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதைப் போட்டு, மொனிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். ‘எடிட், பிளாங்க்’ என்று மட்டும் கேட்டால் கட்டத்தின் பெயரைச் சொல்லும் லேபலை மறந்துவிட்டீர்கள்.