அப்பாவின் பெட்டியில் கலப்பைக் கொடி: வைத்திருப்பது குற்றமா?

கேள்வி: என் தந்தை தரைப்படையில் பணியாற்றியவர், 1970களின் நடுவில் சில ஆண்டுகள் ஸ்ரீநகரில் இருந்தார். அவர் மறைந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, வெள்ளைக் கலப்பையும் மூன்று வெள்ளைப் பட்டைகளும் உள்ள சிவப்புக் கொடி ஒன்று கிடைத்தது. எங்கள் ஊர்ப் பழம்பொருள் வியாபாரி, இது தடை செய்யப்பட்ட காஷ்மீர் கொடி, தொல்பொருள் என்று பதிவு செய்யாவிட்டால் வழக்கு வரும், 15,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். மற்றொருவர் இது 1931ஆம் ஆண்டுக் கொடி என்று சொல்லி விலைக்குக் கேட்கிறார். தேசியக் கொடிக்கு அருகில் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேர் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

உங்களிடம் இருப்பது ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் முன்னாள் அதிகாரபூர்வக் கொடி. அதை வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் ஏதும் இல்லை. 2019 ஆகஸ்ட் 5 அன்று அரசியல் சட்டத்தின் 370ஆவது பிரிவு அளித்த சிறப்பு நிலை நீக்கப்பட்டு, மாநிலத்தின் தனி அரசியல் சட்டம் செயலற்றுப் போனபோது, அந்தச் சட்டத்தை நம்பி நின்ற கொடியும் தன் அதிகாரபூர்வத் தகுதியை இழந்தது. அதே மாதம் 25ஆம் தேதி ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்தின் உச்சியிலிருந்து அது இறக்கப்பட்டது. தகுதி இழப்பது வேறு, தடை செய்யப்படுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

தொல்பொருள் பதிவு என்ற பூச்சாண்டிக்கும் இதே பதில்தான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருளாக வேண்டுமானால் குறைந்தது 100 ஆண்டுப் பழமை வேண்டும். சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு மட்டும் 75 ஆண்டு போதும். இந்தக் கொடியே 1952இல்தான் பிறந்தது என்பதால், எந்தக் கணக்கிலும் அது நூறைத் தொடாது. உங்கள் வியாபாரி அது தொல்பொருள்தான் என்று சாதித்தால், தொல்பொருள் வியாபாரத்துக்கு அதே சட்டம் கேட்கும் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது 1931 என்ற கதை. அந்த ஆண்டு ஜூலை 13 அன்று ஸ்ரீநகர் மத்தியச் சிறைக்கு வெளியே திரண்ட கூட்டத்தின் மீது மகாராஜா ஹரி சிங்கின் காவலர்கள் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; ஒருவரின் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கம்பில் உயர்த்தியதே இந்தச் சிவப்பின் தொடக்கம் என்று அங்கே சொல்வதுண்டு. வரலாற்றில் நிற்பது இதற்குப் பிந்தையது: 1932இல் தொடங்கிய முஸ்லிம் மாநாட்டுக் கட்சி, 1939இல் ஷேக் அப்துல்லா தலைமையில் தேசிய மாநாட்டுக் கட்சியாகப் பெயர் மாறியபோது, உழவரின் கலப்பையைச் சிவப்பின் மேல் ஏற்றியது. ஆட்சிக்கு வந்த அதே கட்சி, 1950இல் ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு 22.75 ஏக்கர் என்று உச்சவரம்பிட்டு, மிகுதியை உழுதவருக்கே கொடுத்தது. ஆகவே கலப்பை அங்கே வெறும் அலங்காரம் அல்ல. 1952 ஜூன் 7 அன்று மாநில அரசியல் நிர்ணய சபை ஜம்மு, காஷ்மீர், லடாக் என்ற மூன்று பகுதிகளுக்கு மூன்று பட்டைகளைச் சேர்த்து இதை மாநிலக் கொடியாக ஏற்றது. ஒரு நாட்டில் இரண்டு கொடியா என்ற கொதிப்பு ஜம்முவில் எழுந்தது. ஒரே கொடிதான் வேண்டும் என்ற கோரிக்கையோடு அங்கே சென்ற, பாரதிய ஜனசங்கக் கட்சியை நிறுவிய சியாமா பிரசாத் முகர்ஜி 1953 மே மாதம் கைது செய்யப்பட்டு, ஜூன் 23 அன்று ஸ்ரீநகரில் காவலில் இறந்தார்.

இனிக் கொடியை மேசையில் விரியுங்கள். 1957இல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியல் சட்டத்தின் 144ஆவது பிரிவு அளவைத் தெளிவாகச் சொல்கிறது: நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு, கம்பத்தை ஒட்டி, சம அகலமும் சம இடைவெளியும் கொண்ட மூன்று செங்குத்துப் பட்டைகள், நடுவில் கலப்பை, அதன் கைப்பிடி பட்டைகளை நோக்கி. கயிறு நுழையும் மடிப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பட்டைகள் அந்தப் பக்கத்தில் இல்லாமலோ, கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பியோ இருந்தால், படத்தைப் பார்த்துப் பின்னாளில் அச்சடித்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டைகளே இல்லாமல் சிவப்பில் வெள்ளைக் கலப்பை மட்டும் இருந்தால், அது கட்சிக் கொடி. அதைத்தான் அரசர் காலத்துக் கொடி என்று சொல்லி விற்கிறார்கள். பச்சையில் பிறையும் நட்சத்திரமும் காவிச் சதுரமும் உள்ளது பாகிஸ்தான் வசமிருக்கும் பகுதியின் கொடி, முற்றிலும் வேறு.

தேசியக் கொடிக்கு அருகில் மாட்டும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தவறுகிறார்கள். 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு, மூவர்ணத்துக்கு மேலேயோ பக்கவாட்டில் சமமாகவோ வேறெந்தக் கொடியும் கூடாது என்கிறது. அதற்கு நெடுநாள் இருந்த பெரிய விலக்கே ஜம்மு காஷ்மீர்தான்: 1952 ஜூலை டெல்லி உடன்பாட்டின்படி தேசியக் கொடிக்கே முதன்மை, வரலாற்றுக் காரணங்களால் மாநிலக் கொடியும் தொடரும் என்று ஏற்கப்பட்டதால், ஸ்ரீநகர் அலுவலகங்களிலும் அமைச்சர்களின் கார்களிலும் இரண்டும் சேர்ந்து பறந்தன. உங்கள் தந்தை பார்த்தது அந்தக் காட்சியை. அந்த விலக்கு 2019இல் போய்விட்டது. எனவே ஒரே சுவரில் ஒரே வரிசையில் வேண்டாம். கலப்பைக் கொடி தந்தையின் படத்தோடு ஓர் அறையில் இருக்கட்டும், மூவர்ணம் வேறிடத்தில் இருக்கட்டும். மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஏற்றவும் வேண்டாம். சட்டத்தை விட அக்கம்பக்கத்தாரின் கைப்பேசி வேகமானது.

இத்தகைய குடும்பப் பொருள்களை என்ன செய்வது என்று ஒரு பக்க வழிகாட்டுதல் வெளியிட எந்த அலுவலகத்துக்கும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒன்றைப் பற்றி எழுதிக் கேட்டேன். எட்டு மாதம் கழித்து, இது எங்கள் வரம்பில் வராது என்று ஒன்றரை வரி வந்தது. இந்த ஒன்றரை வரிக்கு இடையில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

கொடியைத் துவைக்காதீர்கள், பழைய சிவப்புச் சாயம் தண்ணீர் பட்டால் வெள்ளைக் கலப்பையில் ஊறிவிடும், பிறகு அதை எடுக்க முடியாது. லேமினேஷன் செய்யச் சொல்லும் கடைக்காரரிடமிருந்து தள்ளி இருங்கள். கஞ்சியில்லாமல் துவைத்து உலர்த்திய பழைய வெள்ளை வேட்டித் துணியை மேலே விரித்து, மடிக்காமல் உருளையில் சுற்றி வையுங்கள். சட்டமிட்டால் கண்ணாடி துணியைத் தொடாதபடி, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். உங்கள் தந்தையின் படைப்பிரிவு, ஸ்ரீநகரில் இருந்த ஆண்டுகள், கொடி கைக்கு வந்த விதம் ஆகியவற்றில் உங்களுக்குத் தெரிந்ததை ஓர் அட்டையில் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். பேனா மை துணியில் இறங்கும்.