கூடவே வளர்ந்த இளம் நாய்கள் வயதான நாயைத் திடீரெனக் கடிப்பது ஏன்?

பன்னிரண்டு வயது நாயை, அதோடு சேர்ந்து வளர்ந்த இரண்டு வயது நாய்கள் ரெண்டும் கடிக்கின்றன, அடித்தும் அடங்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அடிப்பதை நிறுத்திவிட்டு, பெரியதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கருப்பி என்று ஒரு நாட்டு நாய். கரையிலிருந்து தூக்கி வந்த இரண்டு குட்டிகளை நக்கி நக்கி வளர்த்தவள். அவற்றுக்கு இரண்டு வயதானபோது, ஒரு மே மாதக் காலையில் ரெண்டும் சேர்ந்து அவளைத் தள்ளிக் கழுத்தைக் கவ்வின. "நன்றி கெட்டதுங்க" என்று அம்மா அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கருப்பிக்குக் காது போயிருந்தது. கூப்பிட்டு வராததை வயசாச்சு என்று நாங்கள் விட்டிருந்தோம். நாய்கள் நாள் முழுக்க உடம்பால் பேசிக்கொள்பவை. ஒன்று உறுமினால் மற்றது முகத்தைத் திருப்பும், காதை மடக்கும், எழுந்து வழிவிடும்; பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். கருப்பிக்கு உறுமல் காதிலேயே விழவில்லை, வீட்டு நடைவழியை அடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். இடுப்பு மூட்டு தேய்ந்து கால் விறைத்துப்போயிருந்தது. விறைப்பாக நிற்பதை இன்னொரு நாய் சண்டைக்கு வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். யாராவது இடித்தால் வலி தாங்காமல் அவளே முதலில் வெடுக்கென்று கவ்வியும் இருக்கிறாள். நோய் வந்தால் உடம்பு வாசனையும் மாறும். மூக்கால் உலகத்தை அறிகிற பிராணிக்கு அது சின்ன விஷயமில்லை.

சின்னதுகளின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நாய்க்கு முழுப் பக்குவம் வருவது ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். அதுவரை பெரியதுக்கு அடங்கி நடந்தவை அப்போதுதான் இடம், சோறு, நம் மடி எல்லாவற்றுக்கும் போட்டியிட ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் அது மே மாதத்தில் வெடித்ததற்கும் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரையில் சங்காயமும் (விலை போகாத பொடி மீன்) மீன் கழிவும் கிடைப்பது குறைந்துபோனதில், மூன்றும் ஒரே சட்டியைச் சுற்றி நின்றன. அந்த ஒற்றைச் சட்டி எங்கள் தப்பு.

பிறகு மூன்று மூலையில் மூன்று சட்டி வைத்தோம். கருப்பி படுக்கையை நடையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் போட்டோம். வழுக்காமலிருக்கத் தரையில் சாக்கு விரித்தோம். மருத்துவர் தந்த வலி மருந்தை மட்டும் கொடுத்தோம். நமக்கு வாங்கும் பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு உயிருக்கே ஆபத்து. உறுமினால் அதட்டவும் வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

சண்டை நடக்கும்போது நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீரை வீசுங்கள், பலகையையோ மீன் கூடையையோ குறுக்கே தள்ளுங்கள். உங்கள் மேல் கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்களுடையவை பெட்டையா கடுவனா என்று எழுதவில்லை. மூன்றும் பெட்டை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே வீட்டுப் பெட்டைகளுக்குள் மூளும் சண்டை லேசில் தீராது. எதுவானாலும், ஆள் இல்லாத நேரத்தில் பெரியதைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். நாங்கள் கருப்பி இருந்தவரை அப்படித்தான் செய்தோம்.