கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’: ஊசி போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீர் கல்ச்சரில் ‘ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. மருந்துப் பட்டியலில் பாதிக்கு மேல் ‘ஆர்’ (அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது). ஊசிதான் வழியா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதற்கும் தொற்றுமா?

பதில்: அம்மாவுக்கு எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போவது, காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா? எந்தத் தொந்தரவும் இல்லாமல் செக்கப்பில் எடுத்த கல்ச்சர் என்றால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் அப்படித்தான். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களும் இதில் சேர மாட்டார்கள்.

ஈ.எஸ்.பி.எல். என்பது கிருமி சுரக்கும் ஒரு நொதி. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரியான மருந்துகள் வேலை செய்யத் தேவையான பீட்டா-லாக்டம் வளையம் என்ற பகுதியை அது உடைத்துவிடும். சாதாரண லேப்பில் மரபணுவை நேராகத் தேடுவதில்லை. கிருமியைப் பூசிய தட்டில் செஃப்டாசிடைம் வில்லை ஒன்றும், அதோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லை ஒன்றும் வைப்பார்கள். மறுநாள் இரண்டாவதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 5 மி.மீ.யாவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை செய்து பார்த்தால் நம் நாட்டில் அதிகம் சிக்குவது சிடிஎக்ஸ்-எம்-15 என்ற மரபணு. அது பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கும், வேறு மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்களும் கூடவே போகும். வரிசையாக ‘ஆர்’ வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெரோபெனம் என்ற வலுவான ஊசி மருந்துக்கு எதிரே ‘எஸ்’ (கிருமி அடங்கும்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிம்மதி. மெரோபெனமையும் உடைக்கும் நொதியைத் தரும் என்டிஎம்-1 மரபணு பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அந்த ஆய்வில் இருந்தன. அந்த வகை வந்தால்தான் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, ஊசி விஷயம். தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றிருந்தால், ‘எஸ்’ என்று வந்திருக்கும் பட்சத்தில் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையோ ஃபாஸ்ஃபோமைசின் பொடியோ போதும். முதலாவதைத் தொடங்குமுன் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது சரிப்படாது. குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி தேவைப்படலாம்.

எம்ஐசி எண் (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) குறைவாக உள்ள மருந்தே நல்லது என்று நினைத்து நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 1 என்றால் ‘ஆர்’, நைட்ரோஃபுரான்டாயின் 16 என்றால் ‘எஸ்’. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

குழந்தையைப் பிரித்து வைக்க வேண்டாம். இந்தக் கிருமி குடலில் தங்கி, கை வழியாகத்தான் பரவும். ஆரோக்கியமாக இருக்கும் பலர் குடலிலேயே இது உண்டு. கழிவறை போய் வந்த பிறகும், குழந்தைக்கு ஊட்டுமுன்னும், டயப்பர் மாற்றிய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

எரிச்சல் நின்றபின் ‘சுத்தமாகிவிட்டதா’ என்று மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த சில மாதங்களில் அம்மாவுக்கு எதற்காவது ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், புது கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை எந்த மருந்தைக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய இது உதவும்.