ஒரே பங்கில் ஜெயித்த நண்பர்

அன்புள்ள சார்,

நான் பல்கலைக்கழகத்தில் நிதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மூன்று மாதம் கற்பனைப் பணத்தை வைத்து ஒரு பங்குப் போட்டி நடந்தது. முதல் பரிசு வாங்கிய நண்பன் மொத்தத்தையும் ஒரே பங்கில் போட்டவன். பாடத்தில் சொன்னபடி இருபது பங்குகளில் பிரித்துப் போட்ட நான் நடுவில் எங்கோ நின்றேன். பிரித்துப் போடுவது பயந்தவர்களுக்கான பாடம்தானா? சராசரி, திட்ட விலக்கம், பீட்டா எல்லாம் மனப்பாடம்; எது எதற்காக என்பதுதான் பிடிபடவில்லை. இன்னொன்று, அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம் சும்மா கிடக்கிறது. அதைப் பங்கில் போடலாமா?

ஒரு மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் செய்தது சரிதான். முதலிடத்துக்கு மட்டும் பரிசு, கடைசியில் வந்தாலும் கையை விட்டு ஒன்றும் போகாது என்றால், ஒரே பங்கில் போடுவதுதான் புத்திசாலித்தனம். அவர் போட்டியின் விதியை ஒழுங்காகப் படித்திருக்கிறார். அதே மாதிரி போட்டுக் கடைசி இடங்களில் நின்றவர்களும் உங்கள் வகுப்பில் இருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?

சொந்தப் பணம் என்று வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. வருமானம் ஆண்டுக்கு ஆண்டு கூட்டலில் போவதில்லை, பெருக்கலில் போகிறது. 100 முதல் ஆண்டு 50 சதவீதம் ஏறினால் 150. அடுத்த ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் 75. சராசரி வருமானம் பூஜ்யம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் விழும். கையில் கால்வாசியைக் காணோம். என்னைக் கேட்டால், இதைச் சொல்லிவிட்டுத்தான் பீட்டா பக்கமே போக வேண்டும்.

இதற்குத் தோராயமான கணக்கு ஒன்று உண்டு. திட்ட விலக்கம் என்பது வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு. அதன் வர்க்கத்தில் பாதியைச் சராசரியிலிருந்து கழித்தால், நீண்ட காலத்தில் பணம் வளரும் வேகம் கிடைக்கும். சராசரி 10 சதவீதம், விலக்கம் 20 சதவீதம் என்றால் (0.2-ன் வர்க்கம் 0.04, அதில் பாதி 0.02, அதாவது 2 சதவீதம்) வேகம் 8. அதே சராசரி, விலக்கம் 40 என்றால் வேகம் வெறும் 2. முப்பது ஆண்டில் முதலாவது 100ஐ 1,000க்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோகும். இரண்டாவது 181 அளவில் நின்றுவிடும். சராசரியை மட்டும் பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் இருபது பங்குகளுக்கு வருகிறேன். விலக்கம் 40 உள்ள, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நான்கு பங்குகளில் சமமாகப் பிரித்தால் மொத்தத்தின் விலக்கம் 20 ஆகிவிடும். சராசரி அப்படியே இருக்கும். ஒரு பங்கைத் தனியாக வைத்து எடை போடாதே, மற்றவற்றோடு சேர்ந்து அது எப்படி அசைகிறது என்று பார் என்பதை 1952-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் கணக்காக எழுதிக் காட்டினார். 1990-ல் நோபல் பரிசு. (அவரே தன் ஓய்வூதியச் சேமிப்பைப் பங்கிலும் கடன்பத்திரத்திலும் பாதிப் பாதியாகத்தான் போட்டாராம், பின்னால் வருந்தக் கூடாது என்று. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.)

உண்மையான பங்குகள் அப்படித் தொடர்பற்று இருப்பதில்லை. சந்தை விழும்போது பெரும்பாலும் சேர்ந்தே விழும். எத்தனை பங்குகளில் பிரித்தாலும் கரையாமல் மிஞ்சும் அந்த ஆபத்தைத்தான் பீட்டா அளக்கிறது. பிரித்துப் போட்டாலே போய்விடக்கூடிய ஆபத்தைச் சுமப்பவனுக்குச் சந்தை கூலி தராது என்பது இன்னொரு பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1964-ல் எழுதிய கணித மாதிரியின் (மாடல்) சாரம். அந்த மாதிரியில் பின்னால் வந்தவர்கள் நிறைய ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆனாலும் ஒரே பங்கில் போட்டவருக்கு இதுதான் பதில்.

பிரித்துப் போட்டால் போதுமா? போதாது, கடன் வாங்கிப் போட்டால். லாங் டேர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியில் 1997-ல் நோபல் பெற்ற இருவர், மெர்ட்டனும் ஷோல்ஸும், பங்காளிகள். பல நாட்டுச் சந்தைகளில் பிரித்துத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் சொந்த முதலின் சுமார் 25 மடங்குச் சொத்து, பெரும்பகுதி கடனில். 25 மடங்கு என்றால் 4 சதவீத இறக்கமே முதல் முழுவதையும் தின்றுவிடும். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர மறுத்ததும், தொடர்பில்லை என்று கணித்தவை எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தன. பெருக்கலில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகள் எவ்வளவு பிரமாதமாக இருந்தும் என்ன?

செலவும் பெருக்கலில்தான் வேலை செய்யும். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்வதில் 2 சதவீதத்தை நிர்வாகக் கட்டணம் எடுத்துக்கொண்டால், முப்பது ஆண்டில் 1,006 ஆக வேண்டியது 574 ஆகிறது. வேறு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் அந்தக் கட்டணப் பணம். போடாதீர்கள். 1929 செப்டம்பரில் 381-ல் இருந்த அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41-க்கு வந்தது. பழைய உச்சத்தைத் தொட 1954 ஆனது. ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு குறையும், சரி. உங்களுக்கு இருப்பதோ ஒரு வருடம். அது வைப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்த போட்டிக்கு விதியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கடைசியாக வருபவர் வகுப்பு முழுவதற்கும் விருந்து வைக்க வேண்டும். உங்கள் நண்பர் எத்தனை பங்குகளில் பிரித்துப் போடுகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.